டயலாக்கில் மூன்றாவது பட்டன் சேர்த்தேன். இப்போ என்டர் தட்டினா வார்ப்புருவே அழியுது

#1 மரப்பல்லி

லேபிள் அச்சடிக்கிற சின்ன டெஸ்க்டாப் நிரல் ஒண்ணு எழுதிட்டு வரேன். மொழி பைத்தான், ஜன்னல், பட்டனுக்கெல்லாம் பைசைட்6 (க்யூட்டிங்கிற நூலகத்தோட பைத்தான் வடிவம்). அதுல 'வார்ப்புருக்கள்'னு (லேபிளோட அளவைச் சேமிச்சு வெக்கிற மாதிரிகள்) ஒரு டயலாக், அதாவது தனியாத் திறக்கிற சின்ன ஜன்னல். இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் பெயர், அகலம், உயரம் நிரப்புற கட்டங்கள். அடியில 'சரி', 'ரத்து' ரெண்டு பட்டன். கிடைமட்ட லேஅவுட் ஒண்ணு போட்டு நானே கையால வெச்சது. ஆறு மாசமா ஒரு தொந்தரவும் இல்ல. பெயரை மாத்தி என்டர் தட்டினா 'சரி' அமுங்கும், டயலாக் மூடும்.

போன வாரம் பட்டியலுக்குக் கீழே 'அழி'னு ஒரு பட்டன் சேர்த்தேன். சேர்த்தது அவ்வளவுதான், வேற எதையும் தொடல. நிரலைப் பயன்படுத்துற நண்பர் ஒருத்தர் நேத்து கூப்பிட்டு, "பெயரைத் திருத்தி என்டர் போட்டேன், வார்ப்புருவே காணோம்"ங்கிறார். நானும் செஞ்சு பார்த்தேன். ஆமா, என்டர் தட்டினா 'அழி' அமுங்குது. 'அழி'யை நான் எதோடயும் இணைக்கல, அதோட கிளிக்கைத் தவிர. பெயர்க்கட்டத்துல தட்டுற என்டர் எப்படி அங்க போகுது?

#2 ஊமத்தை

குறிமுறையில 'அழி'யைக் கடைசி வரிக்குக் கொண்டுபோ. சரியாயிடும்.

#3 மரப்பல்லி

செஞ்சேன். சரியாயிடுச்சு! ஆனா ஏன்னு புரியல. புரியாம சரியானது எனக்குப் பயமா இருக்கு.

#4 நீலவண்டு

பயப்பட வேண்டியதுதான். அது சரியாகவில்லை, இடம் மாறியிருக்கிறது. நாளை 'அழி'க்கு முன்னால் 'புதிது' என்று ஒன்றைச் சேர்த்தால், என்டர் தட்டும்போதெல்லாம் புது வார்ப்புரு முளைக்கும்.

நடப்பது இதுதான். (பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், ஆவணத்தில் தேடினால் கிடைக்கும்.) க்யூட்டியில் க்யூபுஷ்பட்டன் ஒன்றை ஒரு டயலாக்கின் குழந்தையாக்கினால் அதன் 'ஆட்டோடிஃபால்ட்' பண்பு தானாகவே ட்ரூ (ஆம்) ஆகிவிடும். சாதாரண ஜன்னலில் அது ஃபால்ஸ் (இல்லை), டயலாக்கில் மட்டும் ட்ரூ. டயலாக் திறக்கும்போது "இதுதான் டிஃபால்ட் பட்டன்" (என்டர் தட்டினால் அமுங்குவது) என்று நீங்கள் எதையும் சொல்லாமல் விட்டிருந்தால், டேப் வரிசையில் நடந்துபோய் ஆட்டோடிஃபால்ட் உள்ள முதல் பட்டனை அதுவே பிடித்துக்கொள்ளும்.

இனி என்டரின் பயணம். பெயர்க்கட்டம் என்டரைப் பார்க்கிறது, தன் வேலையை முடிக்கிறது, விழுங்காமல் மேலே அனுப்பிவிடுகிறது. அகலம், உயரம் போடும் எண் கட்டங்களும் அப்படித்தான். மேலே இருப்பது டயலாக். அது தன் டிஃபால்ட் பட்டனை அமுக்குகிறது. பல வரி எழுதும் பெட்டி மட்டும் என்டரைத் தானே வைத்துக்கொள்ளும், அங்கே அது புது வரி.

ஆறு மாதம் 'சரி' அமுங்கியது நீங்கள் சொன்னதால் இல்லை. டேப் வரிசையில் அதுதான் முதல் பட்டனாக இருந்தது. 'அழி' அதற்கு முன்னால் வந்ததும் அந்த இடம் பறிபோனது.

சோதிக்க ஒரு வழி: டயலாக்கைத் திறந்து பட்டன்களைக் கூர்ந்து பாருங்கள். டிஃபால்ட் பட்டனைச் சுற்றி விளிம்பு கொஞ்சம் அழுத்தமாகவோ வேறு நிறத்திலோ இருக்கும். இடம் மாற்றுவதற்கு முந்தைய உங்கள் பதிப்பில் அந்த விளிம்பு 'அழி'யின் மேல்தான் இருந்திருக்கும். முதல் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டியது, யாரும் பார்ப்பதில்லை.

உடனடி மருந்து: அழி.செட்ஆட்டோடிஃபால்ட்(ஃபால்ஸ்), சரி.செட்டிஃபால்ட்(ட்ரூ). இரண்டையும் போடுங்கள். பட்டியலுக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னப் பட்டன்களுக்குக் க்யூடூல்பட்டன் இன்னும் பொருத்தம், ஆட்டோடிஃபால்ட் என்ற சமாச்சாரமே அதற்குக் கிடையாது.

#5 ஊமத்தை

நான் சொன்னதும் வேலை செஞ்சுதுல்ல.

#6 கல்தூண்

வேலை செய்தது. ஓட்டைப் பானையைத் திருப்பி வைத்தாலும் கொஞ்ச நேரம் ஒழுகாது.

இதே வியாதி வின்32 (விண்டோஸின் அடிப்படை நிரலாக்க முறை) காலத்திலிருந்து இருக்கிறது, வடிவம்தான் வேறு. அங்கே ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் எண். 1 என்றால் ஓகே, 2 என்றால் கேன்சல், 6 யெஸ், 7 நோ. பட்டனை அமுக்கினால் அந்த எண் உங்கள் டயலாக்கின் கையாளிக்கு (அமுக்கியதும் ஓடும் குறிமுறைக்கு) வரும். புதியவர்களை விழவைக்கும் விஷயம் இதற்குப் பிறகுதான்: டயலாக்கில் ஓகே என்ற பட்டனே இல்லாவிட்டாலும், வேறு எதையும் டிஃபால்ட்டாகக் குறிக்காதபோது என்டர் தட்டினால் 1 வரும். கேன்சல் பட்டனே இல்லாவிட்டாலும் எஸ்கேப் தட்டினால் 2 வரும்.

எம்எஃப்சி-யில் (வின்32-க்கு மேல் மைக்ரோசாஃப்ட் தந்த நூலகம்) ஒரு டயலாக் செய்தேன், வெறும் முன்னேற்றப் பட்டை மட்டும் உள்ளது. வேலை முடியும்வரை மூடக் கூடாது. ஓகே, கேன்சல் இரண்டையும் வடிவமைப்பானில் அழித்துவிட்டேன், பட்டனே இல்லாத ஜன்னலை எப்படி மூடுவார்கள் என்ற நம்பிக்கையில். பயனர் பொறுமையிழந்து என்டர் தட்டினார். ஜன்னல் போய்விட்டது, பின்னால் கோப்பு நகலெடுப்பு ஓடிக்கொண்டேயிருந்தது. 1 வந்தது, அடிப்படை வகுப்பின் ஆன்ஓகே அதை வாங்கி மூடிவிட்டது. அந்தச் சார்பை நான் மேலெழுதவே (எனக்கேற்ற மாதிரி மாற்றி எழுதவே) இல்லை. பட்டனை அழித்ததும் அதன் அர்த்தமும் அழிந்தது என்று நினைத்தேன்.

#7 மரப்பல்லி

நீலவண்டு அண்ணா, ரெண்டு வரியும் போட்டேன், பிரச்சினை தீர்ந்தது. நன்றி.

ஆனா இப்போ ஆசை கூடிடுச்சு. அடியில 'செயல்படுத்து' ஒண்ணும் (டயலாக்கை மூடாம மாற்றத்தைப் பதியணும்), 'பழையபடி ஆக்கு' ஒண்ணும் வேணும். மொத்தம் நாலு. எந்த வரிசையில வைக்கிறது? விண்டோஸ்ல ஒரு மாதிரி இருக்கு, மேக்ல வேற மாதிரி இருக்கு. ரெண்டுலயும் ஓடணும் நிரல்.

#8 ஊமத்தை

'சரி' இடது, 'ரத்து' வலது. உலகமே அப்படித்தான்.

#9 நீலவண்டு

உங்கள் உலகம் விண்டோஸ். அங்கே ஓகே, கேன்சல், அப்ளை என்று இடமிருந்து வலம், மொத்தமும் வலப்பக்கம் ஒட்டி. மேக்கில் செயலைச் செய்யும் பட்டன் வலது கோடியில், கேன்சல் அதற்கு இடப்பக்கம். லினக்ஸ் மேசைத்தளங்களில், 2002-ல் வந்த க்னோம் 2-உம் மேக் பக்கம் சாய்ந்துவிட்டது. கேடிஇ-யில் ஓகே, அப்ளை, கேன்சல்.

எது சரி என்று சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. நீங்கள் வரிசையையே முடிவு செய்யாதீர்கள். க்யூட்டி 4.2-இலிருந்தே க்யூடயலாக்பட்டன்பாக்ஸ் இருக்கிறது. அதனிடம் பட்டனின் பங்கை (ரோல்) மட்டும் சொன்னால் போதும், எங்கே வைப்பது என்பதை அந்தந்த இயங்குதளத்தின் வழக்கப்படி அது பார்த்துக்கொள்ளும்.

பெட்டி = க்யூடயலாக்பட்டன்பாக்ஸ்()
பெட்டி.ஆட்பட்டன்("சரி", ஆக்செப்ட்ரோல்)
பெட்டி.ஆட்பட்டன்("ரத்து", ரிஜெக்ட்ரோல்)
செயல் = பெட்டி.ஆட்பட்டன்("செயல்படுத்து", அப்ளைரோல்)
மீள் = பெட்டி.ஆட்பட்டன்("பழையபடி ஆக்கு", ரீசெட்ரோல்)

பெட்டி.ஆக்செப்டட்.கனெக்ட்(செல்ஃப்.ஆக்செப்ட்)
பெட்டி.ரிஜெக்டட்.கனெக்ட்(செல்ஃப்.ரிஜெக்ட்)
செயல்.கிளிக்டு.கனெக்ட்(செல்ஃப்.பதி)
மீள்.கிளிக்டு.கனெக்ட்(செல்ஃப்.மீட்டெடு)

கடைசி இரண்டு வரியை மறந்துவிட்டு "அப்ளை வேலை செய்யவில்லை" என்று கேட்பவர்கள் ஏராளம். ஆக்செப்டட் சமிக்ஞை ஆக்செப்ட் பங்கும் யெஸ் பங்கும் உள்ள பட்டன்களுக்கு மட்டும் கிளம்பும். ரிஜெக்டட், ரிஜெக்ட்டுக்கும் நோவுக்கும். அப்ளை, ரீசெட், டிஸ்ட்ரக்டிவ் ஆகியவற்றை அமுக்கினால் இரண்டில் எதுவும் வராது. அந்தப் பட்டனையே பிடித்துத் தனியாக இணைக்க வேண்டும்.

உங்கள் என்டர் தொல்லையும் இதோடு அடங்கும். வேறு டிஃபால்ட் குறிக்கப்படாவிட்டால், இந்தப் பெட்டி திரையில் வரும்போது ஆக்செப்ட் பங்குள்ள முதல் பட்டனைத் தானே டிஃபால்ட் ஆக்கிவிடும்.

இன்னொன்று. 'அழி'யைத் தூக்கி இந்தப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். டிஸ்ட்ரக்டிவ்ரோல் என்ற பெயரைப் பார்த்ததும் அதற்குத்தான் என்று தோன்றும். அந்தப் பங்கு "மாற்றங்களை வீசிவிட்டு மூடு" வகைக்கு. பட்டியலில் ஒரு வரியை அழிப்பது டயலாக்கின் முடிவைப் பற்றிய பேச்சே இல்லை. அது பட்டியலோடு இருக்கட்டும்.

#10 ஊமத்தை

இவ்ளோ சின்ன விஷயத்துக்கு ஒரு வகுப்பா? லேஅவுட்ல நாலு பட்டன் வைக்கிறது அஞ்சு நிமிஷ வேலை.

#11 கல்தூண்

வைப்பது ஐந்து நிமிடம்தான். மரப்பல்லி அதைத்தான் செய்தார், நண்பரின் வார்ப்புரு போனது.

சண்டைக்கு இழுக்கவில்லை, தம்பி. நானும் அப்படி வைத்தவன்தான். பழைய வடிவமைப்பு வழிகாட்டியில் பட்டன் 50×14 அலகு, பக்கத்துப் பட்டனுக்கு இடைவெளி 4, ஓரத்துக்கு 7 என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்த அலகு எழுத்துருவைப் பொறுத்தது: சராசரி எழுத்தகலத்தில் நாலில் ஒரு பங்கு, உயரத்தில் எட்டில் ஒரு பங்கு. சராசரி எடுப்பது ஆங்கில எழுத்துகளை வைத்து. 'ஓகே' என்று ஆங்கிலத்தில் எழுதினால் பாதி இடம் மிச்சம். 'செயல்படுத்து' என்று எழுதிப் பார்.

#12 சொல்லேர்

அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் நிரல் எழுதுபவள் இல்லை. திறமூல நிரல்களின் இடைமுகங்களைத் தமிழாக்குகிறேன். பொத்தான்களைப் பற்றி எனக்குத் தீராத குறை மூன்று உண்டு.

முதலாவது, அகலத்தைப் பூட்டிவைப்பது. செட்ஃபிக்ஸ்டுவித்(80) என்று யாரோ எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் அழகாக இருந்திருக்கும். தமிழில் 'செயல்படு' வரை தெரியும், 'த்து' வெட்டுப்படும். உயரத்தைப் பூட்டினால் இன்னும் மோசம். 'கூ', 'டு', 'ழு' கீழே இறங்குபவை; 'கி', 'டீ' மேலே ஏறுபவை. 22 பிக்சலில் அடைத்தால் 'அழி'யின் கொக்கி மேலே தேய்ந்து 'அழ' என்று நிற்கும். பயனர் அழுவார்.

இரண்டாவது, குறுவிசைக் குறி. பொத்தான் உரையில் ஓர் எழுத்துக்கு முன் & போட்டால் ஆல்ட்டோடு அந்த எழுத்தைத் தட்டி அமுக்கலாம். '&சேமி' என்று மொழிபெயர்த்தால், பயனர் தமிழ் விசைப்பலகையில் இருந்தால் மட்டும்தான் அது வேலைக்கு ஆகும். பாதி நேரம் அவர் ஆங்கில அமைப்பில் இருப்பார். அதனால் உரைக்குப் பின்னால் அடைப்புக்குள் ஓர் ஆங்கில எழுத்தை வைத்து அதன் முன் & போடுகிறோம். சீன, ஜப்பானிய மொழிபெயர்ப்புகளிலும் இதுவே வழக்கம். பார்க்க அழகில்லை, ஆனால் கைக்கு எட்டும். தமிழ் எழுத்தின் முன்னால்தான் போடுவேன் என்றால், 'சே'-யின் கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிந்தாலும் கோப்பில் ச-வுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே & செருகிய கோப்புகள் எனக்கு வந்திருக்கின்றன. கொம்பு அநாதையாய்ப் புள்ளி வட்டத்தோடு திரையில் நிற்கும்.

மூன்றாவதுதான் பெரிது. ஒரு பதிவேற்றக் கருவியில் இப்படி ஒரு கேள்வி வந்தது:

பதிவேற்றத்தை ரத்து செய்யவா?
[ சரி ] [ ரத்து ]

'ரத்து'வை அமுக்கினால் எது ரத்தாகும்? பதிவேற்றமா, ரத்து செய்வதா? மூல நிரலிலும் ஓகே, கேன்சல் என்றுதான் இருந்தது. நான் மொழிபெயர்த்துத் தீர்க்கக்கூடிய சிக்கல் இல்லை, ஆசிரியருக்கே எழுதினேன். இப்போது '[பதிவேற்றத்தை நிறுத்து] [தொடரட்டும்]' என்று இருக்கிறது. கேள்வியைப் படிக்காமல் பொத்தானை மட்டும் பார்த்தாலும் புரிகிறதா என்று பாருங்கள், மரப்பல்லி. நம் பயனர்கள் யாரும் கேள்வியைப் படிப்பதில்லை.

#13 குறுமுனி

சொல்லேர் அக்கா சொன்னதுக்கு ஒரு பழங்கதை. 1983-ல வந்த ஆப்பிள் லிசாவை உருவாக்கிட்டிருந்தப்ப, ஓகேங்கிற இடத்துல முதல்ல 'டூ இட்'னுதான் எழுதியிருந்தாங்களாம். சோதனைக்கு வந்தவங்கள்ல ஒருத்தர் அதை 'டோல்ட்'னு, அதாவது மடையன்னு படிச்சுட்டார். அந்த எழுத்துருவுல பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் ஒரே மாதிரிக் கோடு. கம்ப்யூட்டர் என்னை ஏன் மடையன்ங்குதுன்னு கோவப்பட்டாராம். அப்புறம்தான் 'ஓகே' ஆச்சு.

நான் வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் ஜன்னல் செய்யிற இன்னொரு நூலகம்) ஆள், மொழி சி ஷார்ப். அங்க ரெண்டு பொறி சொல்றேன், இங்க யாருக்காவது உதவும்.

ஃபார்மோட ஆக்செப்ட்பட்டன், கேன்சல்பட்டன்னு ரெண்டு பண்பு இருக்கு. என்டருக்கு ஒண்ணு, எஸ்கேப்புக்கு ஒண்ணு. அதைத் தவிர ஒவ்வொரு பட்டனுக்கும் தனியா டயலாக்ரிசல்ட்னு ஒண்ணு. அது 'நன்'னை (ஒண்ணுமில்லை) தவிர வேற எதுவா இருந்தாலும் அந்தப் பட்டனை அமுக்கினா மோடல் ஃபார்ம் (மூடும்வரை மத்த ஜன்னலைத் தொட விடாதது) மூடிடும். நான் என்ன செஞ்சேன்னா, 'கேன்சல்' பட்டனை நகலெடுத்து ஒட்டி, பேரை 'சோதித்துப் பார்'னு மாத்தினேன். அளவு, எழுத்துரு எல்லாம் அப்படியே வந்துச்சு. டயலாக்ரிசல்ட்டும் வந்துச்சு. 'சோதித்துப் பார்' அமுக்கினா சோதனை ஓடுது, ஜன்னலும் மூடுது. என் கையாளியில மூடுற வரி எங்கேன்னு ரெண்டு மணி நேரம் தேடினேன். கையாளியில அப்படி ஒரு வரியே இல்ல.

இதே வழியைச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்திக்கலாம். ஓகே அமுக்கினதும் உள்ளீடு தப்புன்னா, கையாளிக்குள்ள ஃபார்மோட டயலாக்ரிசல்ட்டை 'நன்' ஆக்கிட்டா மூடாது.

டபிள்யூபிஎஃப் (மைக்ரோசாஃப்டோட அடுத்த நூலகம்) போறவங்களுக்கு: அங்க இஸ்கேன்சல் போட்ட பட்டன் தானா மூடும், இஸ்டிஃபால்ட் போட்டது மூடாது. டயலாக்ரிசல்ட்டை நீங்களே ட்ரூ ஆக்கணும். ஏன் இந்தப் பாரபட்சம்னு கேக்காதீங்க.

#14 மரப்பல்லி

பட்டன்பாக்ஸுக்கு மாறிட்டேன். விண்டோஸ்லயும் மேக்லயும் வேற வேற வரிசையில நிக்குது, நான் ஒரு வரி கூட எழுதல. ஊமத்தை, ஒருவாட்டி பாருங்க.

இப்போ கடைசிச் சிக்கல். மாத்தி வெச்சுட்டு யாராவது மூலையில இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கினா "சேமிக்கவா?"னு கேக்கணும். ஜன்னல் மூடும்போது ஓடுற க்ளோஸ்ஈவென்ட்ல எழுதினேன். பெருக்கல் குறிக்குக் கேக்குது. எஸ்கேப் தட்டினா கேக்காமலே மூடுது. 'ரத்து'வும் அப்படியே.

#15 நீலவண்டு

எஸ்கேப் க்ளோஸ்ஈவென்ட் வழியாகப் போவதில்லை, நேராக ரிஜெக்ட்டைக் கூப்பிடும். உங்கள் 'ரத்து'வும் ரிஜெக்ட்டில்தான் இணைந்திருக்கிறது. திறந்திருக்கும் டயலாக்கில் பெருக்கல் குறியை அமுக்கினால் க்யூடயலாக்கின் க்ளோஸ்ஈவென்ட் தன் பங்குக்கு ரிஜெக்ட்டையே கூப்பிடும். ஆக மூன்று வழியும் சேரும் இடம் ரிஜெக்ட். க்ளோஸ்ஈவென்டில் எழுதியதைத் தூக்கிவிட்டு ரிஜெக்ட்டை மேலெழுதுங்கள். மாற்றம் இல்லையென்றால் சூப்பர்().ரிஜெக்ட்(), அதாவது மூல ரிஜெக்ட். இருந்தால் கேளுங்கள், பயனர் மனம் மாறினால் எதையும் கூப்பிடாமல் திரும்புங்கள், டயலாக் திறந்தபடியே இருக்கும்.

கேட்பதற்குக் க்யூமெசேஜ்பாக்ஸ். அதிலும் ஆட்பட்டன் உண்டு, பங்கும் அதே. மூன்று பட்டன் வையுங்கள்: 'சேமி' ஆக்செப்ட், 'சேமிக்காமல் மூடு' டிஸ்ட்ரக்டிவ், 'திரும்பிப் போ' ரிஜெக்ட். 'சேமி'யை செட்டிஃபால்ட்பட்டன் மூலம் டிஃபால்ட் ஆக்குங்கள். நீங்களே உரை எழுதிச் சேர்த்த பட்டன்களுக்கு எக்ஸெக் (பெட்டியைத் திறக்கும் அழைப்பு) திருப்பித் தரும் எண்ணை நம்பாதீர்கள், கிளிக்டுபட்டன்() எதைத் தருகிறது என்று ஒப்பிடுங்கள்.

ரிஜெக்ட் பங்கில் ஒன்றே ஒன்று இருப்பதால் எஸ்கேப் தானாக அதற்குப் போகும். எல்லாவற்றையும் ஆக்செப்ட் பங்கில் போட்டு வைத்தால் எஸ்கேப் எதற்கு என்று அதற்குத் தெரியாது. எஸ்கேப்பும் செத்துவிடும், பெருக்கல் குறியும் செத்துவிடும். "மெசேஜ்பாக்ஸ் உறைந்துவிட்டது" என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

#16 குறுமுனி

மூணு பட்டன் கேள்வின்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. டிகின்டர்ல (பைத்தானோட வர்ற ஜன்னல் நூலகம்) ஆஸ்க்யெஸ்நோகேன்சல் இருக்குல்ல, அது யெஸ்ஸுக்கு ட்ரூ, நோவுக்கு ஃபால்ஸ், கேன்சலுக்கு நன் தரும். நான் எழுதினது:

இஃப் நாட் பதில்:
    சேமிக்காமல்_மூடு()

நன்னும் ஃபால்ஸும் ரெண்டுமே 'நாட்'டுக்கு ட்ரூ. "ஐயோ, வேணாம்"னு கேன்சல் அமுக்கினவரோட வேலையெல்லாம் போச்சு. அந்த 'அவர்' நானேதான், அதனால வெளியில தெரியல. 'பதில் இஸ் நன்'னை முதல்ல தனியாப் பாருங்க.

#17 கல்தூண்

ஜிடிகே-யில் (க்னோம் பயன்படுத்தும் நூலகம்) அதே பள்ளம் வேறு எண்ணில். கேன்சல் அமுக்கினால் -6, ஓகே -5. ஆனால் எஸ்கேப்போ பெருக்கல் குறியோ என்றால் -4. 'பதில் -6 என்றால் விட்டுவிடு, இல்லையென்றால் சேமி' என்று எழுதியிருந்த நிரல் ஒன்றைத் திருத்தக் கொடுத்தார்கள். எஸ்கேப் தட்டினால் சேமித்தது. சேமிப்பதற்கான நிபந்தனையை எழுதுங்கள், மற்றதெல்லாம் 'விட்டுவிடு' பக்கம் விழட்டும். ஜாவா ஸ்விங்கிலும் பெருக்கல் குறிக்கு -1 வரும், 'நோ'வின் 1 இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: ஜிடிகே 4.10-இலிருந்து ஜிடிகேடயலாக் கைவிடப்பட்ட பட்டியலில். கேள்வி கேட்க ஜிடிகேஅலர்ட்டயலாக் பக்கம் போங்கள்.

#18 சொல்லேர்

நடுவே ஒரு கேள்வி. 'அழி'யை அமுக்கினால் "உறுதியா?" என்று கேட்கப் போகிறீர்களா, மரப்பல்லி?

#19 மரப்பல்லி

ஆமா, இன்னிக்குச் சேர்த்தேன். "நிச்சயம் அழிக்கவா? ஆம் / இல்லை."

#20 சொல்லேர்

வேண்டாம். முதல் வாரம் படிப்பார்கள். இரண்டாம் வாரம் கை பழகிவிடும், 'அழி', 'ஆம்' இரண்டும் சேர்ந்து ஒரே அசைவாகிவிடும். தவறாக அழிக்கிற அன்றைக்கும் அதே அசைவுதான் நடக்கும். அழித்ததை மீட்கும் வழி கொடுங்கள், கேள்வியே வேண்டாம்.

#21 நீலவண்டு

பாதி ஒத்துக்கொள்கிறேன். மீட்க முடிந்தால் கேட்காதீர்கள். இங்கே முடியும்: பட்டியலில் ஒரு வரி, க்யூஅன்டூஸ்டாக்கில் (செய்ததைத் திரும்பப் பெறும் அடுக்கு) ஒரு கட்டளையாக்கினால் கன்ட்ரோல்+இசட் போதும். இன்னும் எளிது, 'சரி' அமுக்கும்வரை வட்டில் எதையும் தொடாதீர்கள். அப்போது 'ரத்து'வே பெரிய மீட்பு. வட்டிலிருந்து கோப்பு நிரந்தரமாகப் போகிற இடத்தில் மட்டும் கேளுங்கள். அங்கே டிஃபால்ட்டை அழிக்கும் பட்டனில் வைக்காதீர்கள், 'ஆம்' என்றும் எழுதாதீர்கள். "'பெரிய லேபிள்' வார்ப்புருவை அழி" என்று பெயரோடு எழுதுங்கள்.

#22 ஊமத்தை

'ஆம்/இல்லை'யில என்ன தப்பு? எல்லாரும் பழகினதுதானே.

#23 சொல்லேர்

"இந்த மாற்றத்தைச் சேமிக்காமல் வெளியேற வேண்டாமா?" என்று ஒரு நிரல் கேட்டது. ஆம் என்றால் என்ன?

#24 ஊமத்தை

...சரி. ஒத்துக்கிறேன்.

#25 மரப்பல்லி

சரிபார்ப்பு பத்தி ஒரு சின்ன சந்தேகம். பெயர் காலியா இருந்தா 'சரி'யை மங்கலாக்கி வெச்சிருக்கேன், செட்எனேபிள்டு(ஃபால்ஸ்). போதுமா?

#26 நீலவண்டு

போதும், ஆனால் ஏன் மங்கல் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். டிஃபால்ட் பட்டன் மங்கலாக இருக்கும்போது என்டர் தட்டினால் எதுவுமே நடக்காது, விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். எனக்குப் பிடித்த வழி வேறு: பட்டனை உயிரோடு விட்டு, ஆக்செப்ட்டை மேலெழுதி, தப்பு இருந்தால் அந்தக் கட்டத்துக்குக் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தி, காரணத்தைக் காட்டுவது. எல்லாம் சரியென்றால் மட்டும் சூப்பர்().ஆக்செப்ட்().

#27 மரப்பல்லி

முடிச்சுட்டேன். 'அழி' இப்போ டூல்பட்டன். அடியில பட்டன்பாக்ஸ், நாலு பட்டன். வட்டுல எழுதுறது 'சரி'க்கும் 'செயல்படுத்து'க்கும் மட்டும்தான். 'ரத்து'ங்கிற பேரை 'மாற்றாமல் மூடு'னு மாத்தினேன், பெட்டி தானே அகலமாயிடுச்சு. உறுதிக் கேள்வியை எடுத்துட்டு கன்ட்ரோல்+இசட் கொடுத்தேன். நண்பரைக் கூப்பிட்டு பெயரைத் திருத்தி என்டர் தட்டச் சொன்னேன். தட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கையை எடுத்தார். அப்புறம் தட்டினார். மூடுச்சு. திறந்து பார்த்தோம், வார்ப்புரு இருந்துச்சு.

#28 கல்தூண்

டேப் விசையால் ஒரு சுற்று போய்ப் பார்த்தாயா? பட்டியலில் இருந்து ஒரு தடவை டேப் தட்டினால் எங்கே நிற்கிறது?

#29 மரப்பல்லி

இப்பதான் பார்த்தேன். முன்ன புஷ்பட்டனா இருந்தப்ப 'அழி'யில நின்னிருக்கு. அங்க ஸ்பேஸ்பார் பட்டா போதும். டூல்பட்டன் ஆக்கினப்ப அதுக்கு நோஃபோகஸ்னு போட்டுட்டேன், அதனால டேப் அங்க போறதில்ல, நேரா பெயர்க்கட்டத்துக்குப் போகுது. ஆனா இப்போ விசைப்பலகை மட்டும் வெச்சு அழிக்க வழியில்ல. பட்டியல்ல டெலீட் விசையை இணைச்சுடறேன்.